வேர்வைக்கும் கட்டணமா?
சூட்டு யோகாவுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்



யோகாசனம் என்றால் நமக்குத் தெரியும். விடியற்காலைக் குளிர்ச்சியில், கோயில் மண்டபத்திலோ வீட்டு ஐந்தடியிலோ பாய் விரித்து, மூச்சை நிதானமாக இழுத்து விட்டுச் செய்வது. ஆனால் கதவையும் ஜன்னலையும் சாத்தி, அறைக்குள் சூடேற்றி, தலை முதல் பாதம் வரை வேர்வை ஒழுக ஒழுகச் செய்யும் யோகாசனத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அதற்கு 'ஹாட் யோகா' என்று பெயர். நாம் சூட்டு யோகா என்று சொல்லிக் கொள்வோமே!

பெரிய பட்டணங்களில் பல ஆண்டுகளாக நடந்துவரும் இந்த வகுப்புகளின் மேல் இப்போது நம் பிள்ளைகளுக்கும் ஆசை வந்திருக்கிறது. தோட்டத்தில் பிறந்து, சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் தொழிற்சாலை வேலைக்கும் பினாங்கில் அலுவலக வேலைக்கும் போய்வருகிற பிள்ளைகள் கைப்பேசியில் அந்தப் படங்களைப் பார்க்கிறார்கள். தோழிகள் கூப்பிடுகிறார்கள். சம்பளம் வந்ததும் பெயர் கொடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது.

என் வகுப்புப் பையன் ஒருவனின் தாயார், தோட்டத்தில் வெளிக்காட்டு வேலை செய்கிறவர், ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் என்னை நிறுத்திக் கேட்டார்: "ஏன் டீச்சர், பெரிய மக சூடான ரூம்புக்குள்ள யோகா செய்யப் போறேங்கிறா. நான் வெயில்ல நின்னா சும்மாவே வேர்க்குது. அவளுக்கு வேர்க்கிறதுக்குக் காசு குடுக்கணுமா?"

சிரித்துவிட்டுப் போய்விடக்கூடிய கேள்வியல்ல இது. அதற்குள் நல்ல விவேகம் இருக்கிறது. சூட்டு யோகாவில் நன்மை தருவது எது, சூடா, யோகாவா? இதைத் தெரிந்துகொண்டு போகிறவர் நலமாகத் திரும்பி வருவார். தெரியாமல் போகிறவர் மயங்கி விழக்கூடும். ஆகவே, போக விரும்பும் பிள்ளைகளும் அனுப்பப் போகும் பெற்றோரும் இதைச் சேர்ந்து உட்கார்ந்து படிக்கும்படி கேட்டுக் கொள்கிறேன்.

சூடு எங்கிருந்து வந்தது?

கல்கத்தாவில் விஷ்ணு சரண் கோஷ் என்று ஒரு தேகப்பயிற்சி ஆசான் இருந்தார். 'ஒரு யோகியின் சுயசரிதை' எழுதிய பரமஹம்ச யோகானந்தரின் தம்பி அவர். 1923 ஆம் ஆண்டு கல்கத்தாவில் உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றைத் தொடங்கி, பளு தூக்குவதையும் ஆசனங்களையும் சேர்த்துக் கற்பித்தார். அவருடைய மாணவர்தான் பிக்ரம் சௌத்ரி. இவர் முதலில் ஜப்பானுக்கும், பிறகு 1970களில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கும் போய் வகுப்பு நடத்தினார். 26 ஆசனங்கள், இரண்டு மூச்சுப் பயிற்சிகள், மொத்தம் 90 நிமிடம். அறையின் வெப்பம் 105 டிகிரி பாரன்ஹீட், அதாவது ஏறக்குறைய 40.5 டிகிரி செல்சியஸ். காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காடு. இதுதான் அவர் வகுத்த முறை. இன்று 'ஹாட் யோகா' என்ற பெயரில் பலரும் பலவிதமாக நடத்துகிறார்கள். சில இடங்களில் சூடு இதைவிடக் குறைவு, ஆசனங்களும் வேறு.

குளிர் நாட்டில் கல்கத்தாவின் வெக்கையைக் கொண்டுவரத்தான் அறையைச் சூடாக்கினார்கள் என்று சொல்வதுண்டு. பனி பெய்கிற ஊரில் விறைத்துப்போன உடம்பை இளக்கச் சூடு உதவும் என்பது நியாயம்தான். கெடாவில் நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அந்த வெக்கையைச் சூரிய பகவான் ஒரு சென் கூட வாங்காமல் நமக்குத் தினமும் அனுப்பிக் கொண்டிருக்கிறார்!

இன்னொன்றையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். யோகா லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நமக்கு வந்ததாக எண்ணிவிடக் கூடாது. திருநெல்வேலிச் சீமைப் பத்தமடையில் 1887 ஆம் ஆண்டு பிறந்த குப்புசாமி என்னும் டாக்டர், 1913 ஆம் ஆண்டு கப்பலேறி மலாயாவுக்கு வந்தார். சிரம்பான் வட்டாரத்து ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரி ஒன்றில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். பிறகு ஜொகூர் பாருவில் இருந்தார். காய்ச்சலோடும் புண்ணோடும் வந்த நம் முன்னோரைத் தொட்டு வைத்தியம் செய்தவர் அவர். 1923 இல் இந்தியாவுக்குத் திரும்பி, ரிஷிகேசத்தில் துறவு பூண்டு, சுவாமி சிவானந்தர் ஆனார். 1936 ஆம் ஆண்டு தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். அவர் பெயரால் பத்துமலையில் ஆசிரமம் இருக்கிறது. உலகத்துக்கே யோகாசனத்தை எளிமையாக எழுதிக் கொடுத்த அவர், அதற்குச் சூடேற்றிய அறை எதையும் கேட்கவில்லை. ஒரு விரிப்பும் நல்ல காற்றும் போதுமானதாக இருந்தது.

நாற்பது டிகிரி என்றால் எவ்வளவு?

எண்ணைச் சொன்னால் பலருக்கு விளங்காது. ஊரை வைத்துச் சொல்கிறேன்.

நம் பக்கத்து மாநிலமான பெர்லிஸில் சூப்பிங் என்ற ஊர் இருக்கிறதல்லவா? 1998 ஆம் ஆண்டு ஏப்ரல் 9 ஆம் தேதி அங்கே வெப்பம் 40.1 டிகிரியைத் தொட்டது. மலேசியாவில் அளந்து பதிவு செய்யப்பட்ட ஆக உயர்ந்த வெப்பம் அதுதான். அந்த நாளைக் காட்டிலும் சற்றே கூடுதலான சூட்டில், கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உடம்பை வளைப்பதுதான் பிக்ரம் முறை.

2016 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அடித்த வெயில் உங்களுக்கு நினைவிருக்கும். பெர்லிஸ் முழுவதும், நம் கெடாவில் பெண்டாங், குபாங் பாசு வட்டாரங்களிலும் பள்ளிக்கூடங்களை மூடச் சொன்னார்கள். மூன்று நாள் தொடர்ந்து வெப்பம் 37 டிகிரியைத் தாண்டியதுதான் காரணம். பிள்ளைகளைத் திடலில் விடக் கூடாது என்று அரசாங்கம் முடிவு செய்த வெப்பத்தைவிட, அந்த அறையின் வெப்பம் மூன்று டிகிரி அதிகம்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. எந்த அளவுச் சூட்டுக்குள் காலை வைக்கிறோம் என்று தெரிய வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடலாமா?

வேர்வை என்ன செய்கிறது?

நம் உடம்பின் உள்வெப்பம் ஏறக்குறைய 37 டிகிரி. வேலை செய்தால் அது ஏறும். ஏறிய வெப்பத்தை வெளியேற்ற உடம்பு இரண்டு வழிகளைக் கையாளுகிறது. இரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது; வேர்வையைச் சுரக்கிறது. அந்த வேர்வை காற்றில் உலரும்போதுதான் உடம்பு குளிர்கிறது. சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வேர்வை நம்மைக் குளிர்விப்பதில்லை. தண்ணீரும் உப்பும் வீணானதுதான் மிச்சம். சாத்திய அறையில், ஈரக் காற்றில், பலர் கூடி மூச்சு விடும் இடத்தில் வேர்வை எளிதில் உலராது. அதனால்தான் அங்கே வேர்வை அவ்வளவு ஓடுகிறது.

இரத்தம் தோலுக்கும் தசைக்கும் பாய்ந்திருக்கும் வேளையில், குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்தால் மூளைக்குப் போகும் இரத்தம் ஒரு கணம் குறையும். கண் இருட்டும், தலை சுற்றும். விழுந்தால் அடிபடும்.

இங்கே மூன்று தப்பெண்ணங்களைப் போக்கிவிட வேண்டும்.

ஒன்று: "வேர்வையில் உடம்பிலுள்ள விஷமெல்லாம் போய்விடும்." கழிவுகளைப் பிரித்து அகற்றுவது ஈரலும் சிறுநீரகமும் செய்யும் வேலை. வேர்வையில் போவது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான்.

இரண்டு: "ஒரு வகுப்பிலேயே ஒரு கிலோ குறைந்தது." குறைந்தது தண்ணீர். இரண்டு மூன்று குவளை குடித்தால் அது திரும்பி வந்துவிடும். திரும்பி வரத்தான் வேண்டும்.

மூன்று: "சூட்டில் உடம்பு நன்றாக வளைகிறது, அதனால் நான் தேறிவிட்டேன்." சூட்டில் தசை இளகும் என்பது உண்மை. ஆனால் அந்த இளக்கம் நம்மை ஏமாற்றும். வலிக்க வேண்டிய இடத்தில் வலி தெரியாமல், அளவுக்கு மேல் இழுத்துவிடுவோம். மறுநாள் காலையில் முட்டியும் இடுப்பும் கணக்குக் கேட்கும்.

ஆராய்ந்தவர்கள் கண்டது

அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், பிக்ரம் யோகா பழகியவர்களை அளந்து பார்த்தார்கள். 90 நிமிட வகுப்பில் பெண்கள் சராசரியாக 330 கலோரியும், ஆண்கள் 460 கலோரியும் செலவிட்டார்கள். அதே நேரம் விறுவிறுப்பாக நடந்தாலும் ஏறக்குறைய அவ்வளவு செலவாகும்.

டெக்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2018 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் முக்கியமானது. உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத நடுத்தர வயதினரைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவினர் 40 டிகிரிச் சூட்டிலும், இன்னொரு குழுவினர் 23 டிகிரி சாதாரண அறையிலும் அதே ஆசனங்களை 12 வாரம் செய்தார்கள். இரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்கும் தன்மை இரண்டு குழுவிலும் நன்றாக முன்னேறியது. அந்த நன்மைக்குச் சூடு தேவைப்படவில்லை!

விஸ்கான்சினில் 2015 ஆம் ஆண்டு நடந்த சோதனையில், பிக்ரம் வகுப்பின் முடிவில் சிலருடைய உள்வெப்பம் 39 டிகிரியைத் தாண்டியிருந்தது. ஒருவருக்கு 40 டிகிரியையே எட்டியது. ஆஸ்பத்திரியில் இருந்தால் கடும் காய்ச்சல் என்று எழுதுவார்கள்.

சூட்டு யோகாவுக்கு நல்ல பெயர் வாங்கித் தந்த ஆய்வும் உண்டு. பாஸ்டன் நகரில் மனச்சோர்வுள்ள சிலரை எட்டு வாரம் இந்த வகுப்பில் சேர்த்துப் பார்த்ததில் பலருக்கு மனம் தெளிந்ததாக 2023 இல் எழுதினார்கள். ஆகவே அது பயனற்றது என்று நான் சொல்ல மாட்டேன். பிடித்தவர்கள் செய்யட்டும். ஆனால் யோகாதான் மருந்து. சூடு வெறும் அனுபானம். அனுபானம் ஒத்துக்கொள்ளாதவர் மருந்தையே விட்டுவிடத் தேவையில்லை.

யார் அந்த அறைக்குள் போகக் கூடாது?

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள்.

2019 ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக் கொண்டால் 31.4 விழுக்காடு. அதாவது நம்மவர்கள் பத்துப் பேரில் மூன்று பேர். அந்த மூவரில் சிலருக்கு நோய் இருப்பதே தெரியாது. ஆகவே சூட்டு அறைக்குப் போகுமுன் கிளினிக்கில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக் கொள்வது முதல் வேலை.

சர்க்கரைக்கு இன்சுலின் ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகக் கூடாது. சூட்டில் இன்சுலின் வேகமாக உடம்பில் ஏறி, சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். அப்போது வரும் வேர்வையும் நடுக்கமும் அந்த அறையில் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. ஊசி மருந்தைச் சூடான இடத்தில் பையில் வைத்திருந்தால் மருந்தே கெட்டுவிடும்.

இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள், இருதய நோயாளிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், 'நீர் மாத்திரை' சாப்பிடுகிறவர்கள், முன்பு வெயிலில் மயங்கி விழுந்தவர்கள் ஆகியோருக்கும் இது ஏற்றதல்ல. கருவுற்ற தாய்மார்கள் கட்டாயம் தவிர்க்க வேண்டும். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு அந்தச் சூடு ஆகாது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ள நாளிலும், விரதம் இருக்கும் நாளிலும், இரவு வேலை முடிந்து தூங்காத காலையிலும் யாருமே போகக் கூடாது.

இவர்களெல்லாம் யோகாசனமே செய்யக் கூடாது என்று பொருளல்ல. டாக்டரிடம் சொல்லிவிட்டு, சாதாரணக் காற்றில் எளிய ஆசனங்களைச் செய்யலாம்.

முதல் மாதம் வீட்டுப் பாயில்

சூட்டு அறைக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகளுக்கு என் யோசனை இதுதான்: முதல் நான்கு வாரம் வீட்டிலேயே பழகுங்கள். ஆசனம் தெரியாதவர் சூட்டையும் ஆசனத்தையும் ஒரே நாளில் சமாளிக்க முடியாது. வேலைக்குக் கிளம்புமுன் விடியற்காலையிலோ, வெயில் தாழ்ந்த பிறகு மாலையிலோ, வெறும் வயிற்றில் இருபது நிமிடம் போதும்.

தாடாசனம்: கால்களைச் சற்று அகற்றி நின்று, விரல்களைக் கோத்துக் கைகளை மேலே உயர்த்தி, ஐந்து மூச்சு நில்லுங்கள். நாள் முழுக்கச் செம்பனைக் குலையை அண்ணாந்து பார்த்து அறுக்கிறவர்கள் கழுத்தைப் பின்னால் சாய்க்காமல் நேரே பாருங்கள்.

அர்த்த சந்திராசனம்: கையை உயர்த்தியபடி ஒரு பக்கமாக மெல்ல வளைவது. பால்மரம் சீவுகிறவர்களின் உடம்பு ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பிப் பழகியது. அவர்கள் இரு பக்கமும் ஒரே அளவு செய்வது நல்லது.

மார்ஜாரியாசனம்: பூனையைப் போல் கையையும் முட்டியையும் ஊன்றி, மூச்சை விடும்போது முதுகைத் தூக்கி, இழுக்கும்போது தாழ்த்துங்கள். உதிரிப் பழம் பொறுக்கிக் குனிந்தே இருக்கும் முதுகுக்கு இதமாக இருக்கும்.

புஜங்காசனம்: குப்புறப் படுத்து, முழங்கையை மடக்கியபடி நெஞ்சை மட்டும் சிறிது தூக்குங்கள். பாம்பு படமெடுப்பது போல் என்பார்கள். முதல் மாதம் அரைப் படம் போதும்!

பவனமுக்தாசனம்: மல்லாந்து படுத்து, முட்டியை மார்போடு அணைப்பது. தொழிற்சாலையில் ஷிப்ட் முழுக்க நின்று வேலை செய்கிற பிள்ளைகளின் இடுப்புக்கு ஏற்றது.

கடைசியில் சவாசனம். ஐந்து நிமிடம் அசையாமல் படுத்து, மூச்சைக் கவனியுங்கள். எழும்போது ஒருக்களித்து, உட்கார்ந்து, பிறகு நில்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே சோதனைதான். மூச்சு மூக்கு வழியாக அமைதியாகப் போய்வர வேண்டும். வாயைத் திறந்து இரைக்க வேண்டி வந்தால் அளவைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள்.

சேருமுன் கேளுங்கள்

வகுப்பு நடத்துகிறவரிடம் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அறையின் வெப்பம் எத்தனை டிகிரி? புதிதாக வருகிறவர்களுக்குத் தனி வகுப்பு உண்டா? இடையில் தண்ணீர் குடிக்கலாமா? வெளியே போக விடுவீர்களா? நீங்கள் எங்கே பயிற்சி பெற்றீர்கள்? யாராவது மயங்கினால் என்ன செய்வீர்கள்? இவற்றுக்கு முகம் கோணாமல் பதில் சொல்கிறவரிடம் போகலாம். "இங்கே வந்தால் யாரும் நடுவில் வெளியே போகக் கூடாது" என்று பெருமையாகச் சொல்கிறவரிடம் போக வேண்டாம்.

முதலில் ஒரே ஒரு வகுப்புக்குப் பணம் கட்டிப் பாருங்கள். ஓராண்டுக் கட்டணத்தில் தள்ளுபடி என்று சொன்னதும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

உடை விஷயத்தில் வீட்டில் சண்டை வேண்டாம். தொளதொளப்பான மெல்லிய டீ சட்டையும் கால்சட்டையும் போதும். விளம்பரப் படத்தில் இருப்பது போல் உடுத்த வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஆசிரியர் உடம்பைத் தொட்டுத் திருத்துவது விருப்பமில்லை என்றால், "தொட வேண்டாம், வாயால் சொல்லுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். குரு என்ற பெயருக்காக எதையும் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. பிக்ரம் சௌத்ரி மீதே பல பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். அவரிடம் சட்ட ஆலோசகராக வேலை செய்த ஒரு பெண்மணி, பாலியல் தொல்லையும் முறையற்ற வேலை நீக்கமும் நடந்ததாகத் தொடுத்த வழக்கில், 2016 ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்ற நடுவர் குழு அந்தப் பெண்மணியின் பக்கம் தீர்ப்பளித்துப் பல லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. கலை நல்லதாக இருக்கலாம். கற்பிக்கிறவரைக் கண் திறந்து பார்க்க வேண்டும்.

வேலையிடத்து மலாய்த் தோழிகளையும் உடன் அழைக்கத் தோன்றும். 2008 நவம்பரில் தேசிய ஃபத்வா மன்றம் யோகா முஸ்லிம்களுக்கு ஏற்றதல்ல என்று அறிவித்திருக்கிறது. ஆகவே அவர்களை வற்புறுத்தாமல் இருப்பது நட்புக்கு மரியாதை.

முதல் நாள்

இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பே இலேசாகச் சாப்பிட்டுவிடுங்கள். இட்லி இரண்டோ, கொஞ்சம் கஞ்சியோ போதும். வகுப்புக்கு முந்திய இரண்டு மணி நேரத்தில் இரண்டு குவளை தண்ணீர் குடியுங்கள். சொந்த விரிப்பும் பெரிய துண்டும் மாற்றுடையும் கொண்டு போங்கள். கதவுக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். புதியவர் என்பதையும், உங்கள் நோய் நொடிகளையும் ஆசிரியரிடம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

வகுப்பில் பாதி ஆசனம் செய்தால் போதும். மீதி நேரம் உட்கார்ந்து மூச்சைக் கவனியுங்கள். தண்ணீரைச் சிறுகச் சிறுகக் குடியுங்கள். தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, கண் இருட்டல், உடம்பு சில்லிடுதல், நெஞ்சு படபடப்பு, இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே வெளியே வந்துவிடுங்கள். பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் குழறினால், நினைவு தடுமாறினால், அது வெப்பத் தாக்கம். 999 ஐ அழையுங்கள். நிழலுக்குக் கொண்டுவந்து, உடம்பெல்லாம் தண்ணீர் தெளித்து, விசிறிக்கொண்டே இருங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வகுப்புக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் ஒரு கணக்குத் தெரியும். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வேர்வை. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு கிலோவுக்கு மேல் குறைந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். முடிந்த பிறகு வெறும் தண்ணீரையே மடக்கு மடக்கென்று ஊற்றிக்கொள்ளாமல் உப்பும் சேருங்கள். உப்புப் போட்ட நீராகாரம், மோர், கஞ்சி இவையெல்லாம் நம் பாட்டிமார்கள் வெயிலுக்குக் கண்ட மருந்து. புட்டி பானங்களில் சர்க்கரை இருப்பதை மறக்காதீர்கள். உப்பையும் தண்ணீரையும் குறைக்கச் சொல்லி டாக்டர் உத்தரவிட்டவர்களுக்கு இது பொருந்தாது.

சூட்டுக்கு உடம்பு பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை தினமும் சிறிது சிறிதாகப் பழக வேண்டும். அந்தப் பழக்கம் விட்டுப்போகச் சில வாரங்களே போதும். நாள் முழுக்க வெயிலில் வேலை செய்யும் தாயைவிட, குளிர்சாதனத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகளுக்கே அந்த அறை கடுமையாக இருக்கும். "அம்மாவே தாங்குகிறாள், எனக்கென்ன?" என்று மகள் நினைக்கக் கூடாது. முதல் மாதம் வாரம் ஒரு வகுப்பு. உடம்பு ஏற்றுக்கொண்டால் இரண்டு.

தாங்குவது பெருமையா?

இத்தனையும் சொல்லிவிட்டு, மனத்தில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நம்மவர்களுக்குத் தாங்கும் பழக்கம் அதிகம். காய்ச்சலோடு பெரட்டுக்குப் போய் நின்றவர்கள் நம் பாட்டன்மார்கள். மண்டோர் ஏதாவது சொல்வாரே என்று, வயிற்று வலியோடு நிரையை முடித்துவிட்டு வந்தவர்கள் நம் தாய்மார்கள். அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை. தாங்கினால்தான் அடுப்பு எரிந்தது. அந்தப் பொறுமையால்தான் நம் பிள்ளைகள் படித்தார்கள். அதை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அந்தப் பழக்கம் அடுத்த தலைமுறையின் உடம்புக்குள்ளும் இருக்கிறது. தலை சுற்றினாலும், எல்லாரும் நிற்கிறார்களே என்று நம் பெண் நிற்பாள். தாகம் எடுத்தாலும், ஆசிரியர் சொல்லும்வரை தண்ணீரைத் தொட மாட்டாள். யோகா வகுப்பு பெரட்டு அல்ல. அங்கே பெயர் கூப்பிட்டு அரைநாள் சம்பளம் வெட்ட யாரும் இல்லை. காசு கொடுத்தவள் அவள், உடம்பும் அவளுடையது. உட்காரத் தோன்றினால் உட்காரலாம். கதவைத் திறந்து வெளியே வரலாம். அப்படி வெளியே வருகிறவள் தோற்றவளல்ல. தன் உடம்பு பேசுவதைக் கேட்கப் பழகிக் கொண்டவள். யோகா கற்றுக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான்.

அந்தத் தாயாருக்கும் நான் சொன்ன பதில் இதுதான்: வேர்வைக்காகக் காசு கொடுக்கத் தேவையில்லை அம்மா. நல்ல ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் நின்று முதுகையும் மூச்சையும் திருத்திக் கொடுத்தால் அதற்குக் கொடுக்கலாம். அதைச் சூடில்லாத அறையிலும் பெறலாம்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 21 ஆம் தேதி அனைத்துலக யோகா தினம். 2014 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை அறிவித்து, 2015 முதல் கொண்டாடி வருகிறார்கள். அந்த ஒரு நாளைக்கு மட்டும் காத்திருக்காமல், தோட்டத்துக் கோயில் மண்டபத்தையோ தமிழ்ப்பள்ளி மண்டபத்தையோ வாரம் ஒரு மாலை திறந்து வைத்தால் என்ன? தெரிந்தவர் ஒருவர் முன்னே நின்று சொல்லிக் கொடுக்க, தாயும் மகளும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்துப் பழகலாமே! ஜெராய் மலைப் பக்கமிருந்து வரும் மாலைக் காற்றுக்குக் கட்டணம் ஏது?

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். சுவரைச் சூடாக்குவதற்கு முன்னால், அது உறுதியாக இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள்.